ஆப்ட் கோப்புகளின் இயல்பிருப்பிடத்தை வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது: எதை நகர்த்தலாம், எதைத் தொடக்கூடாது?

பாயான்பாரு_லேப்

வணக்கம். பினாங்கு பாயான் பாருவில் ஒரு டியூஷன் சென்டரின் கம்ப்யூட்டர் அறை. 14 மினி பிசி, எல்லாவற்றிலும் உபுண்டு 24.04. ஒவ்வொன்றிலும் 64 ஜிபி இஎம்எம்சி (உள் சேமிப்புச் சிப்). ரூட் பார்ட்டிஷனுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதி) 25 ஜிபி, மீதி ஹோம். கூடவே ஆளுக்கொரு 500 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில், சும்மா கிடக்கிறது. ரூட் 93 விழுக்காடு நிரம்பிவிட்டது. ஒரு மெஷினில் அளந்தது:

/வார்/லிப்/ஸ்னாப்டி 6.4 ஜிபி
/வார்/கேஷ்/ஆப்ட் 2.1 ஜிபி
/வார்/லாக் 1.9 ஜிபி
/வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் 240 எம்பி
/வார்/லிப்/டிபிகேஜி 110 எம்பி

ஐந்தையும் ஹார்ட் டிஸ்க்குக்குக் கொண்டுபோய், பழைய இடத்தில் சிம்லிங்க் (புது இடத்தைக் காட்டும் குறுக்குவழி) போட்டுவிடலாமா? இல்லை, ஆப்ட்டின் (உபுண்டுவில் நிரல்களை நிறுவும் கருவி) இயல்பிருப்பிடத்தையே மாற்ற அமைப்பு இருக்கிறதா? சோதனைக்கு /வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸை மட்டும் /மீடியா/லேப்/டேட்டாவுக்கு சிம்லிங்க் செய்தேன். டவுன்லோட் ஆகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் '_ஆப்ட்' என்ற யூசரால் கோப்பைத் தொட முடியவில்லை, அதனால் ரூட்டாகவே (முழு அதிகாரமுள்ள யூசர்), சாண்ட்பாக்ஸ் என்ற பாதுகாப்புத் தடுப்பு இல்லாமல் இறக்கினேன் என்று எச்சரிக்கை வருகிறது. 14 மெஷினும் ஒரே அப்டேட்டைத் தனித்தனியாக இழுப்பதால் லைனும் மாலையில் திணறுகிறது. அதற்கும் சேர்த்து ஒரு வழி சொன்னால் நல்லது.

செந்தூல்_சர்வர்

முதலில் ஒன்று: பாதைகளையும் கட்டளைகளையும் உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.

நீங்கள் அளவை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். அந்த வரிசையில் போனால் தப்பான சாமானைத்தான் தூக்குவீர்கள். ஒவ்வொரு டைரக்டரியையும் பார்த்து, 'இது நாளைக் காலையில் காணாமல் போனால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள்.

/வார்/கேஷ்/ஆப்ட்/ஆர்கைவ்ஸ் போனால் ஒன்றும் ஆகாது. இறக்கிய டெப் கோப்புகள் (நிறுவும் பேக்கேஜ்கள்), மறுபடி இறக்கலாம். /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ் போனால் ஒரு 'ஆப்ட் அப்டேட்' போதும். /வார்/லிப்/டிபிகேஜி போனால் கதை முடிந்தது. எந்தப் பேக்கேஜ் இருக்கிறது, எந்தக் கோப்பு எதற்குச் சொந்தம், எந்த ஸ்கிரிப்ட் எப்போது ஓட வேண்டும் என்ற பேரேடு அதுதான். அதில் உள்ள 'ஸ்டேட்டஸ்' கோப்புக்கு /வார்/பேக்கப்ஸில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்று நகல் இருக்கும். 'இன்ஃபோ' துணை டைரக்டரிக்கு அந்தக் காவல் இல்லை. வெறும் 110 எம்பி. அதைத் தொடவே வேண்டாம். கோப்பு முறைமைத் தரநிலையும் இதே கோட்டில்தான் பிரிக்கிறது: /வார்/கேஷில் இருப்பதை அழித்தால் நிரல் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ள வேண்டும், /வார்/லிப்பில் இருப்பது நிலை, அதைக் காக்க வேண்டும். ஆப்ட்டின் லிஸ்ட்ஸ் மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு, லிப்பில் உட்கார்ந்திருக்கும் கேஷ் மாதிரி.

இப்போது உங்கள் எச்சரிக்கை. ஆப்ட் இணையத்திலிருந்து இறக்கும் வேலையை ரூட்டாகச் செய்யாமல் '_ஆப்ட்' என்ற அதிகாரமில்லாத யூசராக மாறிச் செய்கிறது. இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பு ஆர்கைவ்ஸுக்குள் இருக்கும் 'பார்ஷியல்' டைரக்டரியில் விழும். அதன் உரிமையாளர் _ஆப்ட், அனுமதி 700. உங்கள் டிஸ்க்கில் இரண்டு தடை. ஒன்று, /மீடியா/லேப் என்பது டெஸ்க்டாப் தானாக மவுண்ட் செய்தது, அதாவது இணைத்தது. அந்த டைரக்டரிக்குள் நுழையும் உரிமை லாகின் செய்த யூசருக்கு மட்டும்தான், _ஆப்ட் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டு, என்டிஎஃப்எஸ்ஸை இப்படி மவுண்ட் செய்தால் எல்லாக் கோப்பும் ஒரே யூசர் பெயரில்தான் தெரியும், உரிமையாளரை மாற்றினால் ஒட்டாது. 'பார்ஷியலுக்கு 777 கொடு' என்று எங்காவது படித்திருப்பீர்கள். மேல் டைரக்டரியில் எக்ஸ் அனுமதி (உள்ளே நுழையும் அனுமதி) இல்லாதவரை அதனால் பயனில்லை.

ஆகவே டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக ஃபார்மட் செய்து, /எட்சி/எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க் எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) யூயூஐடியோடு (டிஸ்க்கின் அடையாள எண்) எழுதி, /எஸ்ஆர்வி/டேட்டாவில் மவுண்ட் செய்யுங்கள். ஆப்ஷன்: டிஃபால்ட்ஸ்,நோஏடைம்,நோஃபெயில். நோஃபெயில் இல்லாவிட்டால் பழைய டிஸ்க் மண்டையைப் போட்ட அன்று மெஷின் எமர்ஜென்சி மோடில் நிற்கும். எதிரே பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆனால் நோஃபெயிலுக்கு ஒரு பின்விளைவு உண்டு. டிஸ்க் மவுண்ட் ஆகாத நாளில் /எஸ்ஆர்வி/டேட்டா என்பது ரூட்டில் இருக்கும் வெற்று டைரக்டரி. அதற்குள் எது எழுதினாலும் இஎம்எம்சிதான் நிரம்பும். பிறகு டிஸ்க் மவுண்ட் ஆனதும் அந்தக் கோப்புகள் அடியில் மறைந்துபோகும். கோப்புகளை அளக்கும் டியு கட்டளை காட்டாது, மொத்த இடத்தைச் சொல்லும் டிஎஃப் மட்டும் நிறைந்திருக்கிறது என்று சொல்லும். அதற்கு மருந்து: டிஸ்க்கை மவுண்ட் செய்வதற்கு முன், அந்த வெற்று டைரக்டரியின் மேல் 'சூடோ சாட்டர் +ஐ /எஸ்ஆர்வி/டேட்டா'. இனி ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. அதன் மேல் மவுண்ட் செய்வதற்கு ஒரு தடையும் இல்லை.

அடுத்து இயல்பிருப்பிடம். இப்போது என்ன இருக்கிறது என்று 'ஆப்ட்-கான்ஃபிக் டம்ப்' காட்டும். டிர் என்று தொடங்கும் வரிகளை மட்டும் பாருங்கள். டிர்::கேஷ் "வார்/கேஷ்/ஆப்ட்" என்றும், டிர்::கேஷ்::ஆர்கைவ்ஸ் "ஆர்கைவ்ஸ்/" என்றும் இருக்கும். முன்னால் சாய்கோடு இல்லாத பாதை அதன் தாயின் பாதையோடு ஒட்டிக்கொள்ளும். சாய்கோட்டில் தொடங்கினால் தனித்து நிற்கும். ஆகவே தாயைத் தொடாமல் பிள்ளையை மட்டும் மாற்றலாம்:

டிர்::கேஷ்::ஆர்கைவ்ஸ் "/எஸ்ஆர்வி/டேட்டா/டெப்/";

இந்த ஒரு வரியை /எட்சி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/99ஆர்கைவ்ஸ் என்ற கோப்பில் எழுதுங்கள். கடைசி அரைப்புள்ளி முக்கியம், விட்டால் ஆப்ட் ஓடவே மறுக்கும். பிறகு டைரக்டரிகளை நீங்களே உண்டாக்குங்கள்: டெப் டைரக்டரிக்கு உரிமையாளர் ரூட், 755. உள்ளே பார்ஷியல், உரிமையாளர் _ஆப்ட், 700. சோதிக்க 'சூடோ ஆப்ட்-கெட் இன்ஸ்டால் --டவுன்லோட்-ஒன்லி ஹலோ'. ஹலோ என்பது சும்மா ஒரு சின்னப் பேக்கேஜ். எச்சரிக்கை வராமல் டெப் கோப்பு புது இடத்தில் விழுந்தால் சரி.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு கேள்வி: அந்த 2.1 ஜிபி எப்படிச் சேர்ந்தது? 'ஆப்ட்' கட்டளை நிறுவி முடித்ததும் டெப் கோப்பைத் தானே அழித்துவிடும். 'ஆப்ட்-கெட்' அழிக்காது. ஸ்கிரிப்ட் ஏதாவது ஓடுகிறதா?

பாயான்பாரு_லேப்

ஆமாம் அண்ணே, கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டுவது) ஆப்ட்-கெட் டிஸ்ட்-அப்கிரேட் ஓடுகிறது, இரண்டு வருடமாக. சூடோ ஆப்ட்-கெட் கிளீன் போட்டதும் 2.1 ஜிபி 90 எம்பி ஆகிவிட்டது.

நீங்கள் சொன்னபடி வரியை எழுதினேன், ஆனால் இன்னும் பழைய இடத்துக்கே போகிறது. டம்ப்பில் புதுப் பாதை தெரியவில்லை. கோப்பின் பெயர் 99ஆர்கைவ்ஸ்.டெக்ஸ்ட், டெக்ஸ்ட் எடிட்டர் அப்படிச் சேமித்துவிட்டது. அதனாலா?

செந்தூல்_சர்வர்

அதனாலேதான். அந்த டைரக்டரியில் எக்ஸ்டென்ஷன் இல்லாத பெயர் அல்லது .கான்ஃப் என்று முடியும் பெயர், இரண்டைத்தான் ஆப்ட் படிக்கும். மற்றதை 'இன்வாலிட் எக்ஸ்டென்ஷன், இக்னோர்' என்று ஒரு நோட்டீஸோடு தாண்டிவிடும். கிரானில் ஓடினால் அந்த நோட்டீஸை யார் பார்ப்பது? பெயரில் இடைவெளியும் ஆகாது. எழுத்து, எண், கோடு, அடிக்கோடு, புள்ளி மட்டும். கோப்புகள் பெயர் வரிசையில் படிக்கப்படும், பின்னால் வருவது முன்னதை வெல்லும். 99 என்று தொடங்கச் சொன்னது அதற்குத்தான்.

ஆனால் மிச்சம் 90 எம்பிதான் என்றால் ஆர்கைவ்ஸை நகர்த்தவே வேண்டாம் தம்பி. அந்த 90-இல் பெரும்பகுதி பிகேஜிகேஷ்.பின், எஸ்ஆர்சிபிகேஜிகேஷ்.பின் என்ற இரண்டு கோப்புகள், ஆப்ட் வேகமாகத் தேட வைத்திருக்கும் தொகுப்பு. அழித்தாலும் அடுத்த ஓட்டத்தில் திரும்ப வந்துவிடும். கிரான் ஸ்கிரிப்ட்டின் கடைசியில் 'ஆப்ட்-கெட் கிளீன்' என்று ஒரு வரி சேருங்கள், ஆப்ட்-கெட் பக்கம் அவ்வளவுதான். லிஸ்ட்ஸையும் நகர்த்தாமலே சுருக்கலாம்: அக்வயர்::ஜிஜிப்இண்டெக்ஸஸ் "ட்ரூ"; என்று ஒரு வரி எழுதி, லிஸ்ட்ஸில் உள்ளதை அழித்து, அப்டேட் போடுங்கள். பட்டியல்கள் அழுத்திய வடிவிலேயே இருக்கும். தேடும்போது பிரிக்க வேண்டியிருப்பதால் ஆப்ட் கொஞ்சம் மெதுவாகும், மினி பிசியில்கூடப் பொறுக்கும் அளவுதான்.

பட்டர்வொர்த்_ஃபெரி

ஸ்னாப்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே, இருப்பதிலேயே பெரிய குண்டு அதுதான்.

அதை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பாதீர்கள் என்பது என் கருத்து. ஸ்னாப் என்பது அழுத்தப்பட்ட ஒற்றைக் கோப்பு, ஒவ்வொன்றும் /ஸ்னாப்புக்குக் கீழே மவுண்ட் ஆகி அதிலிருந்தே படிக்கப்படுகிறது. உபுண்டுவில் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்தான். அதைச் சுற்றும் டிஸ்க்கில் வைத்தால், 14 பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பிரௌசரைத் திறக்கும் வகுப்பில் ஆசிரியர்தான் பாவம்.

முதலில் 'ஸ்னாப் லிஸ்ட் --ஆல்' போடுங்கள். 'டிசேபிள்ட்' என்று குறித்திருப்பவை பழைய ரிவிஷன்கள். ஒவ்வொன்றையும் 'சூடோ ஸ்னாப் ரிமூவ் பெயர் --ரிவிஷன்=எண்' என்று நீக்கலாம். எத்தனை ரிவிஷனை வைத்திருக்க வேண்டும் என்பது ரிஃப்ரெஷ்.ரிடெயின் என்ற அமைப்பு, 2-க்குக் கீழே போகாது. அதாவது எல்லா ஸ்னாப்பும் இரட்டைக் குழந்தை. ஒரு விஷயம்: ஸ்னாப்டிக்குள் இருக்கும் 'கேஷ்' டைரக்டரியைத் தனியாக அளந்து பயப்படாதீர்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் 'ஸ்னாப்ஸ்' டைரக்டரியில் உள்ள அதே கோப்புகளுக்கு ஹார்ட் லிங்க். ஒரு பக்கம் மட்டும் அழித்தால் இடம் விடுபடாது.

அப்படியும் நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் சிம்லிங்க் போடாதீர்கள், பைண்ட் மவுண்ட் (ஒரு டைரக்டரியை இன்னொரு பாதையிலும் தெரியவைப்பது) செய்யுங்கள். எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று காவல் காக்கும் ஆப்ஆர்மரின் விதிகள் உண்மையான பாதையைப் பார்த்துத்தான் அனுமதி தரும். சிம்லிங்க்கைப் பின்தொடர்ந்து போனால் அது /எஸ்ஆர்வியில் போய் நிற்கும், அந்தப் பாதைக்கு விதி இல்லை. பைண்ட் மவுண்ட்டில் பாதை /வார்/லிப்/ஸ்னாப்டி என்றே தெரியும். ஸ்னாப்டி.சாக்கெட், ஸ்னாப்டி.சர்வீஸ் இரண்டையும் நிறுத்தி, சிபி -ஏ கொண்டு நகலெடுத்து, பழையதைப் பெயர் மாற்றி, வெற்று டைரக்டரி ஒன்றை அதே இடத்தில் வைத்து, எஃப்எஸ்டேபில் பைண்ட் வரி எழுதி ரீபூட். பழையதை உடனே அழிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஸ்னாப்கள் ரீபூட் வரைக்கும் பழைய கோப்புகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்னாப் லிஸ்ட் சரியாக வந்த பிறகு அழிக்கலாம்.

லாக் 1.9 ஜிபி? பெரும்பாலும் ஜர்னல், அதாவது சிஸ்டத்தின் நிகழ்வுப் பதிவு. அதன் இயல்பு வரம்பு கோப்பு முறைமையின் 10 விழுக்காடு, உச்சம் 4 ஜிபி. 25 ஜிபி ரூட்டில் அது 2.5 ஜிபி வரை ஏறும். /எட்சி/சிஸ்டம்டி/ஜர்னல்டி.கான்ஃப் கோப்பில் சிஸ்டம்மேக்ஸ்யூஸ்=200எம் என்று எழுதி, சிஸ்டம்டி-ஜர்னல்டியை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கெப்போங்_கெர்னல்

டிபிகேஜியைத் தொடாதே என்று செந்தூல் அண்ணன் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுதி வைக்கிறேன், ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அன்றைய நிலையைப் பிடித்து வைப்பது) பயன்படுத்துகிறவர்களுக்கு உதவும்.

பேரேடு ஒரு பக்கம், /யூஎஸ்ஆர் இன்னொரு பக்கம் என்று பிரித்துவிட்டால் இரண்டையும் சேர்த்துப் பின்னுக்குக் கொண்டுபோக முடியாது. அப்கிரேட் சொதப்பியது என்று ரூட்டை மட்டும் நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், /யூஎஸ்ஆரில் நேற்றைய நிரல்; தனி டிஸ்க்கில் இருக்கும் பேரேடோ இன்றைய பதிப்பு நிறுவப்பட்டிருக்கிறது என்று சாதிக்கும். ஆப்ட்டைக் கேட்டால் எல்லாம் புதியதுதான், அப்கிரேட் செய்ய ஒன்றுமில்லை என்பான். பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமையில் /வாருக்குத் தனி சப்வால்யூம் (உள் பிரிவு) உண்டாக்கிவிட்டு, ஸ்னாப்ஷாட் எடுக்கும் டைம்ஷிஃப்ட்டை நம்பியிருப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். அது @ (ரூட்), @ஹோம் என்ற இரண்டு சப்வால்யூம்களை மட்டுமே பிடிக்கும். /வார் @-க்குள்ளேயே இருந்தால் சிக்கல் இல்லை.

ஆர்பிஎம் பேக்கேஜ்களைப் பயன்படுத்தும் லினக்ஸ் குடும்பத்தில் இந்தத் தலைவலிக்காகவே இருப்பிடத்தை மாற்றினார்கள். காலங்காலமாக /வார்/லிப்/ஆர்பிஎம்மில் இருந்த பேரேட்டை ஃபெடோரா 36-இல், 2022-இல், /யூஎஸ்ஆர்/லிப்/சிஸ்இமேஜ்/ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனார்கள்; ஓபன்சூசே அதற்கு முன்பே செய்துவிட்டது. பழைய பாதையில் ஒரு சிம்லிங்க் நிற்கும். ஆர்ச் லினக்ஸில் இதற்கு நேர்மாறான சுதந்திரம்: அதன் நிறுவும் கருவியின் பேக்மேன்.கான்ஃபில் டிபிபாத், கேஷ்டிர் இரண்டும் தனித்தனி வரி. கேஷ்டிர் ஒன்றுக்கு மேற்பட்டும் எழுதலாம். வரிசையில் எழுத முடிகிற முதல் இடத்தில் இறக்கிக்கொள்ளும்.

யாராவது இதைப் படித்துவிட்டு /வாரையே தனிப் பார்ட்டிஷனாக்கப் போகிறீர்கள் என்றால், பாதுகாப்புக்கு என்று நோஎக்ஸெக் (அங்கிருந்து நிரல் ஓடத் தடை) போடாதீர்கள். பேக்கேஜ்களின் போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவிய பின் ஓடும்) ஸ்கிரிப்ட்கள் /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோவில் இருந்தே ஓடும். நோஎக்ஸெக் இருந்தால் 'பெர்மிஷன் டினைட்' என்று பாதியில் நின்று, பேக்கேஜ் அரைகுறையாகக் கிடக்கும். /டெம்ப்பிலும் இதே கதை, நிறுவும்போது அமைப்புக் கேள்விகளைக் கேட்கும் டெப்கான்ஃப் தன் கான்ஃபிக் ஸ்கிரிப்டை அங்கேதான் பிரித்து ஓட்டும். அதற்கு மட்டும் ஆப்ட்::எக்ஸ்ட்ராக்ட்டெம்ப்ளேட்ஸ்::டெம்ப்டிர் என்ற அமைப்பில் வேறு இடம் காட்டலாம்.

பாயான்பாரு_லேப்

ஸ்னாப்பில் பழைய ரிவிஷன்களை நீக்கி, ஜர்னலைச் சுருக்கி, கிளீன் போட்ட பிறகு ரூட் 71 விழுக்காடு. ஒன்றையும் நகர்த்தவில்லை! ஹார்ட் டிஸ்க்கை வேறு எதற்காவது வைத்துக்கொள்கிறேன்.

மிச்சம் லைன் பிரச்சினை. ஒரு மெஷினின் ஆர்கைவ்ஸை என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) பகிர்ந்து, மற்ற 13-இலும் டிர்::கேஷ்::ஆர்கைவ்ஸை அங்கே காட்டினால் போதுமா?

பட்டர்வொர்த்_ஃபெரி

வேண்டாம். ஆர்கைவ்ஸுக்குள் 'லாக்' என்ற கோப்பு உண்டு. ஒரு மெஷின் இறக்கும்போது மற்றவை பிழை காட்டி நிற்கும். என்எஃப்எஸ் இயல்பாகவே ரூட்டை 'நோபடி' ஆக்கிவிடுவதால் பார்ஷியலின் உரிமையாளர் சிக்கல் திரும்ப வரும். எல்லாவற்றுக்கும் மேல், ஏதோ ஒரு மெஷினில் ஆப்ட்-கெட் கிளீன் ஓடினால் 14-க்கும் சேர்த்து அழியும், நீங்கள் இப்போதுதான் அதைக் கிரானில் போட்டிருக்கிறீர்கள்.

ஆப்ட்-கேச்சர்-என்ஜி நிறுவுங்கள். ஒரு முறை இறக்கியதை வைத்துக்கொண்டு மற்ற மெஷின்களுக்கும் கொடுக்கும் ப்ராக்ஸி அது. சும்மா கிடக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் வேலை கிடைக்கும். ஒரு மெஷினில் மட்டும் போதும். அதற்கு ரௌட்டரில் நிலையான ஐபி கொடுங்கள், 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்னபடி அந்த மெஷினின் டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக்கி மவுண்ட் செய்து, /எஸ்ஆர்வி/டேட்டா/ஏசிஎன்ஜி என்று ஒரு டைரக்டரி, உரிமையாளரும் குரூப்பும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. /எட்சி/ஆப்ட்-கேச்சர்-என்ஜி/ஏசிஎன்ஜி.கான்ஃபில் கேஷ்டிர் வரியில் அந்தப் பாதை. சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் 3142 போர்ட்டில் கேட்கும்.

மற்ற மெஷின்களில் ஆப்ட்.கான்ஃப்.டிக்குள் 01ப்ராக்ஸி என்ற கோப்பு, இரண்டே வரி:

அக்வயர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.20:3142";
அக்வயர்::எச்டிடிபிஎஸ்::ப்ராக்ஸி "டைரக்ட்";

டைரக்ட் என்பதை முழுக்கப் பெரிய எழுத்தில் அடியுங்கள். இரண்டாவது வரி இல்லாவிட்டால் எச்டிடிபிஎஸ் ரெப்போக்களும் (பேக்கேஜ் களஞ்சியங்கள்) அதே ப்ராக்ஸிக்குப் போய், 403, கனெக்ட் டினைட் என்று திரும்பும். நிறுவும்போது 'டனல் அனுமதிக்கலாமா' என்று அது கேட்கும் கேள்விக்கு இயல்பு விடை 'இல்லை' என்பதுதான் காரணம். உபுண்டுவின் சொந்த ரெப்போ எச்டிடிபியில் இருப்பதால் அது கேஷ் ஆகும். எச்டிடிபிஎஸ்ஸில் வரும் மூன்றாம் தரப்பு ரெப்போக்கள் ஆகாது. 14 மெஷினும் ஒரே மிரரை, அதாவது ரெப்போவின் ஒரே நகல் சர்வரை, காட்டுகின்றனவா என்றும் பாருங்கள். /எட்சி/ஆப்ட்/சோர்ஸஸ்.லிஸ்ட்.டி/உபுண்டு.சோர்ஸஸ் கோப்பில் சிலவற்றில் மை.ஆர்கைவ், சிலவற்றில் வெறும் ஆர்கைவ் என்று கலந்து கிடக்க வாய்ப்புண்டு. எல்லாம் ஒரே பெயரில் இருந்தால் கேஷ் எப்படி அடையாளம் காணும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை.

ஸ்னாப் இந்த வழியில் வராது. ஃபயர்ஃபாக்ஸை ஒரு மெஷினில் 'ஸ்னாப் டவுன்லோட் ஃபயர்ஃபாக்ஸ்' என்று இறக்கினால் இரண்டு கோப்பு கிடைக்கும், ஒன்று .ஸ்னாப், ஒன்று .அசர்ட் (கையெழுத்துச் சான்று). இரண்டையும் மற்ற மெஷின்களுக்கு நகலெடுத்து, முதலில் 'ஸ்னாப் ஆக்' கொண்டு அசர்ட்டை ஏற்றுங்கள், பிறகு 'ஸ்னாப் இன்ஸ்டால் ./கோப்பு'. வரிசை மாறினால் கையெழுத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று மறுத்துவிடும். --டேஞ்சரஸ் போட்டு ஏமாற்றலாம். ஆனால் அப்படி நிறுவியது பிறகு தானாக அப்டேட் ஆகாது.

செந்தூல்_சர்வர்

ஒரு சின்னச் சேர்ப்பு. அந்த 192.168.1.20 மெஷின் அணைந்திருந்தால் மற்ற 13-இலும் அப்டேட் நிற்கும். ஒரு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுபோனாலும் இதே கதி. 'ஆட்டோ-ஆப்ட்-ப்ராக்ஸி' என்ற பேக்கேஜை எல்லாவற்றிலும் நிறுவி, 01ப்ராக்ஸியின் முதல் வரியை நீக்கிவிடுங்கள். நெட்வொர்க்கில் கேச்சர் இருக்கிறதா என்று அது தேடிப் பார்க்கும், இல்லாவிட்டால் நேராக இணையத்துக்குப் போய்விடும். இயல்பாக அது கேட்வேயின் (உங்கள் ரௌட்டரின்) ஐபியிலும் அந்த மெஷினிலுமே 3142-ஐத் தட்டிப் பார்க்கும். உங்கள் கேச்சர் வேறு ஐபியில் இருப்பதால், ரௌட்டரின் டிஎன்எஸ்ஸில் 'ஆப்ட்-ப்ராக்ஸி' என்ற பெயரை 192.168.1.20-க்குக் காட்ட வேண்டும். ரௌட்டர் அதற்கு இடம் தராவிட்டால் ஒவ்வொரு மெஷினிலும் /எட்சி/ஹோஸ்ட்ஸில் ஒரு வரி.